சனிக்கு எந்த ஆசனம்?

போனை எடுத்ததும் வருகிற கேள்வி இப்போதெல்லாம் இதுதான்: “சார், எனக்கு சனி தசை நடக்குது. எந்த ஆசனம் செய்யணும்?” நான் கும்பகோணத்தில் ஜாதகம் பார்க்க உட்கார்ந்த காலத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எந்தக் கோயிலுக்குப் போகணும், எத்தனை வாரம் விளக்குப் போடணும் என்றுதான் கேட்பார்கள். ஊரும் அப்படிப்பட்ட ஊர். சூரியனார்கோவில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம் என்று ஒன்பது கிரகத்துக்கும் தலங்கள் எங்களைச் சுற்றியே இருக்கின்றன. அரசுப் போக்குவரத்துக் கழகமே நவக்கிரகச் சுற்றுலாவுக்குப் பேருந்து விடுகிறது. கோயிலைக் கேட்டவர்கள் ஆசனத்தைக் கேட்க ஆரம்பித்தது என் கண்ணெதிரே நடந்தது. முதலில் தொலைக்காட்சியில் காலை ராசிபலன் வந்தது. 2015இல் சர்வதேச யோகா தினம் வந்ததும் ஊருக்கு ஊர் யோகா வகுப்பு. அப்புறம் செல்போனில் வீடியோ. இவை எல்லாம் கலந்து, ராகுவுக்கு இந்த ஆசனம், கேதுவுக்கு இந்த முத்திரை என்று ஒரு அட்டவணை பிறந்துவிட்டது.

அந்த அட்டவணையைப் பற்றி என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஜோதிட நூல்களில் கிரக சாந்தி என்றால் ஜபம், தானம், ஹோமம். பராசர ஹோரையில் ஒவ்வொரு கிரகத்துக்கும் எந்த மந்திரம், எந்தச் சமித்து, என்ன தானம் என்று விவரமாக வரும். ஆசனம் வராது. ஹடயோகப் பிரதீபிகையை எடுத்தால், எந்த ஆசனம் எந்த நோய்க்கு ஆகும் என்று இருக்கும். எந்தக் கிரகத்தைத் தணிக்கும் என்று இருக்காது. ஒன்பது கிரகம், ஒன்பது ஆசனம் என்பது நம் காலத்துச் சரக்கு. ஆனாலும் கெட்ட தசையின் கடுமையை யோகத்தால் தாங்க முடியும் என்பதை நான் முழு மனதோடு நம்புகிறேன். இத்தனை காலமாக அதைத்தான் செய்துவருகிறேன். அட்டவணை வழியாக அல்ல.

எனக்கு ஜோதிடம் சொல்லிக்கொடுத்தவர் பெரியப்பா. ராகு தசையில் ராகு புத்தி நடக்கிறவர் வந்தால் அவர் சொல்வது ஒன்றுதான். “ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதுக்கு திருநாகேஸ்வரத்துல இருக்கணும். நடந்தே போகணும். செருப்பு வேண்டாம். வழியில யார்கிட்டயும் பேசக்கூடாது.” கும்பகோணத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் போல இருக்கும். நாலைந்து வாரம் கழித்து அந்த ஆள் வந்தால் பெரியப்பா பாலபிஷேகத்தைப் பற்றி விசாரிக்க மாட்டார். “ராத்திரி தூக்கம் எப்படி வருது?” என்பார். ராகு பிடித்தவனுக்கு மனசு ஒரு இடத்தில் நிற்காது. வெறுங்காலோடு, வாயைத் திறக்காமல் ஒன்றரை மணி நேரம் நடந்தால் அந்த மனசு காலடிக்கு இறங்கி வந்தாக வேண்டும். பரிகாரம் என்று நம் பெரியவர்கள் வைத்த பலவற்றில் இப்படி உடம்புக்கு ஒரு வேலை இருந்தது: சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், ஒருபொழுது, விடியலில் எழுந்திருப்பது, ஈரத்துணியோடு ஒன்பது சுற்று. கார் வந்த பிறகு நடை போயிற்று. பேசாமல் இருப்பது எப்போதோ போய்விட்டது. அர்ச்சனைச் சீட்டு மட்டும் கையில் நின்றது. யோகத்தின் பக்கம் நான் போனதற்கு இதுவே காரணம். போன இடத்தில் விட்டுப்போனதைத் திரும்ப எடுக்க முடியும் என்று தோன்றியது.

யோகம் கற்றது சென்னையில், கிருஷ்ணமாச்சாரியார் வழியில் வந்த ஓர் ஆசிரியரிடம். மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்திவிட்டு 1950களில் சென்னைக்குக் குடிவந்த கிருஷ்ணமாச்சாரியார் 1989இல் நூறு வயதில் மறைந்தார். அவர் வழியில் முதல் பாடமே, வருகிற ஆளின் வயது, தொழில், பலம் பார்த்துப் பயிற்சியை மாற்று என்பதுதான். என் ஆசிரியர் புதிதாக வருகிறவரை நிற்க வைத்து, மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கைகளையும் மெதுவாக மேலே தூக்கச் சொல்வார். அவ்வளவுதான் பரீட்சை. கை காதருகே போவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறதா, கை நின்ற பிறகும் மூச்சு வந்துகொண்டே இருக்கிறதா, தோள்பட்டை காதை நோக்கி ஏறுகிறதா, தாடை இறுகுகிறதா, இறக்கும்போது கை தொப்பென்று விழுகிறதா என்று உற்றுப் பார்ப்பார். நாலு தடவை தூக்கி இறக்குவதற்குள், இந்த மனிதருக்கு என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக்கூடாது என்று முடிவு செய்திருப்பார்.

ஊர் திரும்பிய பிறகு, கட்டத்தை விரிக்கும் முன்பே கையைத் தூக்கச் சொல்வது என் வழக்கமாயிற்று. வந்தவர்களுக்கு விநோதமாக இருக்கும். “ஜாதகம் பாக்க வந்தேன் ஐயா” என்பார்கள். பார்ப்போம், முதலில் கையைத் தூக்குங்கள் என்பேன். ஜாதகம் காலத்தைச் சொல்லும். சூரிய தசை 6 வருஷம், செவ்வாய்க்கும் கேதுவுக்கும் 7, சந்திரனுக்கு 10, குருவுக்கு 16, புதனுக்கு 17, ராகுவுக்கு 18, சனிக்கு 19, சுக்கிரனுக்கு 20. எத்தனை காலம் தாங்க வேண்டும், எந்த புத்தியில் அழுத்தம் கூடும் என்று அதில் தெரியும். உடம்பில் எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கும் குறிப்பு கிடைக்கும். காலபுருஷனுக்கு மேஷம் தலை, மீனம் பாதம். சனியின் வீடுகளான மகரமும் கும்பமும் முழங்காலும் கணைக்காலும். ஆனால் இன்றைக்கு இவர் என்ன செய்யலாம் என்பதை மூச்சிடம்தான் கேட்க வேண்டும். பத்தொன்பது வருஷத் தசைக்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்றால், கல்யாண வீட்டிலும் லாட்ஜ் அறையிலும் ஜுரம் விட்ட மறுநாளும் செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். இருபது நிமிஷத்துக்கு மேல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

கிரகத்தையும் மூச்சையும் நேராக முடிச்சுப் போட்ட பழைய நூல் ஒன்று தமிழிலேயே இருக்கிறது. திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகம் சொல்லும் திருமூலர், வார சரமும் சொல்கிறார். திங்கள், புதன், வெள்ளியில் மூச்சு இடது நாசியில் ஓட வேண்டும். ஞாயிறு, செவ்வாய், சனியில் வலது நாசியில். வியாழன் வளர்பிறையானால் இடது, தேய்பிறையானால் வலது. இடது சந்திரகலை, வலது சூரியகலை. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி இதுதான். விழித்ததும் படுக்கையை விட்டு எழாமல், புறங்கையை மூக்குக்குக் கீழே வைத்து, எந்தப் பக்கம் காற்று நன்றாகப் படுகிறது என்று பார்க்க வேண்டும். கிழமைக்கு மாறாக இருந்தால் எதிர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் போதும். இடது பக்கம் படுத்தால் வலது நாசி திறக்கும். சில நிமிஷம் ஆகும். மூக்கின் இரண்டு பக்கமும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி மாறி அடைத்துத் திறக்கும் என்பதை மருத்துவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். இந்தச் சில நிமிஷத்தில் ஆள் தன் மூச்சைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டே எழுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைச் செய்து பார்த்தவர்கள் சொல்வார்கள். அதே நூலில் இழுக்கும் பூரகம் 16, அடக்கும் கும்பகம் 64, விடும் ரேசகம் 32 மாத்திரை என்று வருவதைப் படித்துவிட்டுச் சிலர் தாமாக மூச்சை அடக்கப் பார்க்கிறார்கள். அது பல வருஷம் பழகியவர்களுக்கு, குருவின் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியது. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகத்தைத் தொடவே கூடாது. தோஷ நிவர்த்திக்கு வந்தவர் யாருக்கும் நான் கும்பகம் கொடுத்ததில்லை.

சனிக்கு வருகிறேன். திருபுவனத்திலிருந்து ஒரு பட்டு நெசவாளர் வந்தார். ஏழரைச் சனியில் ஜென்மச் சனி. குழித்தறியில் உட்கார்ந்து மிதி மிதித்தே வளர்ந்த உடம்பு. முழங்காலும் இடுப்பும் போயிருந்தன. கடன் வேறு. சனிக்கிழமை தவறாமல் திருநள்ளாறு போய் நளதீர்த்தத்தில் முழுகி எள் தீபம் போட்டுக்கொண்டிருந்தார். யாரோ “சனிக்கு வஜ்ராசனம்” என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த முழங்காலை மடித்து அரை மணி நேரம் உட்கார்ந்து, வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தார். “வலிச்சாத்தானே ஐயா சனி போவாரு” என்றார். இந்த எண்ணம் எத்தனை பேரிடம் இருக்கிறது! சனி என்றால் தண்டனை. ஆகவே பயிற்சியும் தண்டனையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சனிக்கு மந்தன் என்று பேர். ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருஷம் எடுத்துக்கொள்கிற கிரகம். அதன் காலத்தில் பயிற்சியும் மெதுவாக, அலுப்பு தட்டினாலும் விடாமல் நடக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

வஜ்ராசனத்தை அன்றே நிறுத்தச் சொன்னேன். கையைத் தூக்கச் சொன்னபோது பாதிவழியில் மூச்சு அறுந்தது. விடும் மூச்சு பெருமூச்சாகக் கொட்டியது. ஆகவே முதல் மாதம் ஒரே வேலை. பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சை விடும்போது முழங்காலை மார்புப் பக்கம் கொண்டுவர வேண்டும். இழுக்கும்போது தள்ளி விட வேண்டும். இழுப்பது நாலு எண்ணிக்கை என்றால் விடுவது ஆறு. முடித்ததும் கணைக்கால்களை நாற்காலிமேல் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா படுத்திருக்க வேண்டும். “இதுவா ஐயா பரிகாரம்? இது படுத்துக்கிடக்கிறதுதானே!” என்று அவருக்குக் குறை. திருநள்ளாறு போவதை நிறுத்தச் சொல்லவில்லை. போகிற நாளிலும் போவதற்கு முன் இதைச் செய்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் விடவில்லை. இடுப்பு வலி இறங்கியது, தூக்கம் வந்தது. அடுத்த கட்டமாக, படுத்தபடியே பாதங்களை ஊன்றி இடுப்பைத் தூக்குவது, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று சேர்த்தோம். குழித்தறிக்கு அவர் திரும்பவே இல்லை. முழங்கால் அதற்கு ஒத்துவரவில்லை. தறியை விற்றுவிட்டு, மற்றவர்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தார். கடனும் உடனே தீரவில்லை. ஏழரையின் கடைசிக் கட்டமான பாதச் சனி முடிகிற சமயத்தில் மகனைப் படிக்க அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது. கிரகத்தைச் சமன் செய்வது என்று நான் சொல்வது இதைத்தான். தறி போனது போனதுதான். அந்த ஏழரை வருஷத்தில் மனிதர் உடைந்துபோகாமல் நின்றார்.

சனிப் பெயர்ச்சித் தேதியைப் பற்றி ஒரு குழப்பம் எப்போதும் வரும். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17 அன்றே சனி கும்பத்துக்கு வந்துவிட்டார். திருநள்ளாறு வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் கோயில். அங்கே பெயர்ச்சி நடந்தது டிசம்பர் 20 அன்று. பதினோரு மாத இடைவெளி. “எந்தத் தேதியில பயிற்சிய ஆரம்பிக்கணும்?” என்று அந்த வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாளைக் காலையில் ஆரம்பியுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். ஜனவரியில் ஆரம்பித்தவர்களுக்கு, டிசம்பரில் ஊரே திருநள்ளாற்றுக்குத் திரண்டபோது, பயிற்சி பழக்கமாகி இருந்தது.

செவ்வாய் விஷயம் வேறு. அங்கே பெண்ணைப் பெற்றவர்களின் பயம் முதலில் வந்து உட்காரும். இரண்டு, நாலு, ஏழு, எட்டு, பன்னிரண்டில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. மேஷம், விருச்சிகத்தில் ஆட்சியாக இருந்தால், மகரத்தில் உச்சமாக இருந்தால், குரு பார்த்தால் விலக்கு என்பது தெரிவதில்லை. ஓர் அம்மாள் தன் மகளை அழைத்து வந்தார். “யோகா செஞ்சா செவ்வா தோஷம் போயிடும்னாங்க ஐயா, இவ தினம் நூத்தெட்டு சூரிய நமஸ்காரம் பண்றா. அப்பறம் பஸ்திரிகா.” அந்தப் பெண்ணுக்கு ஒற்றைத் தலைவலி, நெஞ்செரிச்சல், எதற்கெடுத்தாலும் அழுகையும் கோபமும். செவ்வாயே பித்தம், அதன் தலையில் துருத்தி போட்டு ஊதுகிற மாதிரி பஸ்திரிகாவை ஏற்றியிருந்தார்கள். நூற்றெட்டைப் பன்னிரண்டாகக் குறைத்தேன். பஸ்திரிகாவை நிறுத்தினேன். நாக்கைக் குழல்போல் மடித்து மூச்சை இழுத்து மூக்கால் விடும் சீதளி, சாயங்காலம் நாசியை மாற்றி மாற்றி மூச்சு விடும், கும்பகம் இல்லாத நாடி சுத்தி. செவ்வாயை முழுக்க அடக்கியும் வைக்கக்கூடாது. அதற்கு வேலை வேண்டும். காலை அகட்டி ஊன்றி நிற்கிற வீரபத்ராசனத்தை, மூச்சு சீராக இருக்கிற வரைக்கும் மட்டும் நிறுத்திப் பிடிக்கச் சொன்னேன்.

அம்மாளிடம் தனியாகப் பேசினேன். பொருத்தத்தில் வருகிற தோஷத்தைப் பொருத்தத்தில்தான் பார்க்க வேண்டும், பெண்ணின் உடம்பில் வைத்து எரிக்கக்கூடாது என்று சொன்னேன். அவளுக்குச் செவ்வாய் மகரத்தில் இருந்தது. நான் பார்த்த கணக்கில் அது தோஷமே இல்லை. இத்தனை வருஷமாக யாரும் அதைச் சொல்லவில்லையே என்று அந்த அம்மாள் அழுதுவிட்டார். கல்யாண வயதில் இருக்கிற எத்தனை பெண்களை இந்த ஒரு சொல் அலைக்கழிக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

ராகு தசைக்காரர்கள் கடந்த இருபது வருஷத்தில் கூடிவிட்டதாக எனக்குப் படுகிறது. தசைக்கணக்கு மாறவில்லை, வேலை மாறிவிட்டது. இரவு ஷிப்ட் பார்க்கிற ஐடி பையன் ஒருவன் சென்னையிலிருந்து வந்தான். திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்து, செத்துப்போகப் போகிறோம் என்று பயம் வந்துவிடும். கண்ணை மூடித் தியானம் செய் என்று வீடியோவில் சொன்னபடி செய்திருக்கிறான். கண்ணை மூடியதும் பயம் இரட்டிப்பாகியிருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு நான் கண்ணை மூடவே விடுவதில்லை. நின்றுகொண்டு, இரண்டு பாதமும் தரையில் படுவதைக் கவனித்து, எதிரே இருக்கிற ஒரு பொருளைப் பார்த்தபடி மூச்சை நீளமாக விட வேண்டும். அப்புறம் பெரியப்பாவின் மருந்துதான், வெறுங்கால் நடை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. இதய மருத்துவரிடம் அனுப்பி நெஞ்சில் கோளாறு இல்லை என்று தெரிந்துகொண்டோம்; பிறகு மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். மாத்திரை கொடுத்தார்கள். “மாத்திரைய விட்டுட்டு யோகா மட்டும் பண்ணலாமா சார்?” என்று மாதா மாதம் கேட்பான். எழுதிக்கொடுத்த டாக்டர் சொன்னால்தான் விடலாம் என்பேன். ராகு தசையில் மருந்தை நிறுத்தச் சொல்கிற ஜோதிடர்களும் இருக்கிறார்கள், யோகா ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய பாவம் எங்கள் தொழிலில் இல்லை.

சந்திரனும் சனியும் சேர்ந்த ஜாதகங்களை எங்கள் பக்கம் புனர்பூ என்போம். தூக்கம் கெட்டு, பழையதையே நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இதில் அதிகம் வருகிறார்கள். இவர்களுக்கு ராத்திரி படுக்கும் முன் பிராமரி ஒன்றே போதும் என்பது என் துணிபு. வாயை மூடி, விடும் மூச்சு முழுவதும் ஙகர ரீங்காரமாகப் போக வேண்டும். தனியாக இருக்கிற வயதான பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால், தன் குரல் தன் காதில் விழுவதே அவர்களுக்கு ஆறுதலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று நாள் முகாமில் ஒன்பது கிரகத்துக்கும் யோகா என்று ஒரு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. காலையில் சூரியன், மத்தியானம் சந்திரன் என்று அட்டவணை போட்டு, கடைசி நாள் சான்றிதழ். ஒரே கூடத்தில் இருநூறு பேருக்கு ஒரே பயிற்சி. ரத்த அழுத்தம் யாருக்கு, கழுத்து எலும்பு தேய்ந்தது யாருக்கு என்று கேட்க நேரம் இல்லை. சிரசாசனமும் பட்டியலில் இருந்தது. போக மறுத்துவிட்டேன். என்னிடம் கற்றுக்கொள்கிற இளைஞர்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். பிறந்த தேதியைக் கேட்கும் முன், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், என்ன அறுவை சிகிச்சை நடந்தது, தூக்கமும் பசியும் எப்படி என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஜாதகத்தில் குரு உச்சமாகவே இருக்கட்டும், உடம்பில் சர்க்கரை முந்நூறு இருந்தால் சர்க்கரைக்குத்தான் முதலிடம்.

போன வருஷம் ஒருவர் வந்தார், பலசரக்குக் கடைக்காரர். சனி தசை ஆரம்பித்த புதிதில் வந்தவர். பத்தொன்பது வருஷமும் முடிந்து, புதன் தசை பிறந்திருந்தது. “இனிமே நிறுத்திடலாமாங்க?” என்று கேட்டார். மறுபடி கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். மூச்சு கையோடு சேர்ந்தே ஏறியது, சேர்ந்தே இறங்கியது. சனிக்காகக் கொடுத்த படுக்கைப் பயிற்சிகளில் பாதியை எடுத்துவிட்டேன். புதன் நரம்புக்கும் பேச்சுக்கும் உரியவன். அடுத்த 17 வருஷம் அவனுடையது. அதனால் விடும் மூச்சில் விஷ்ணு சகஸ்ரநாமத்தை நிதானமாக வாய்விட்டுச் சொல்வதைச் சேர்த்தேன். ஒரு மூச்சில் எத்தனை நாமம் வருகிறதோ அத்தனை, திணறி இழுக்கக்கூடாது. சுலோகம் தெரியாது என்றார். புதன்கிழமை புதன்கிழமையாக வந்து நாலு நாலு வரியாகப் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.